எண்ணெயில் எள் எங்கே?

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘சபை’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘எக்லேசியா’. ‘எக்’ என்றால் வெளியே, ‘கலேயோ’ என்றால் அழைக்கிறேன். ஆகவே சபை என்றால் ‘உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்’ என்று வேதபாட வகுப்பில் சொன்னார்கள். சரிதானா? (வாசகி, உப்புவெளி)

பதில்: சொல்லின் பிறப்பு சரி, பொருள் பிழை. எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் எண்ணெய் ஆனது. ஆனால் கடையில் தேங்காயெண்ணெய் கேட்கிறவர் அதில் எள்ளைத் தேடுவதில்லை. படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, பேசுகிறவர் வாயில் அது எதைக் குறிக்கிறது என்பது வேறொன்று.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எபேசு அரங்கத்தில் திரண்டு, ‘எபேசியருடைய தியானாளே பெரியவள்’ என்று இரண்டு மணி நேரம் கத்திய கும்பலுக்கு லூக்கா எழுதிய சொல்லும் எக்லேசியாதான் (32, 41). சட்டப்படி கூடுகிற நகரமன்றத்துக்கும் அதே சொல் (39). பழைய மொழிபெயர்ப்பு ‘கூட்டம்’, ‘நியாயசங்கம்’ என்று போட்டிருப்பதால் தமிழில் வாசிக்கிறவருக்கு இது தெரியவராது. அந்தக் கும்பலை யார், எதிலிருந்து வெளியே அழைத்தார்?

இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் 114 தடவை வருகிறது. யாராவது ‘மூலமொழியில் இதற்கு அர்த்தம் இது’ என்றால், அந்த அர்த்தத்தைச் சொல் வருகிற மற்ற இடங்களிலும் பொருத்திப் பாருங்கள். ஓரிடத்தில் பொருந்தாமல் இடறினாலும், அது சொல்லோடு பிறந்த பொருள் அல்ல, பிரசங்கியார் சேர்த்தது. சேர்த்த கருத்து பொய் என்பதல்ல. ‘அந்தகாரத்தினின்று வரவழைத்தவர்’ என்று 1 பேதுரு 2:9 வெளிப்படையாகவே சொல்கிறது. அதைப் பிரசங்கிக்க விரும்புகிறவர் அந்த வசனத்திலிருந்தே பிரசங்கிக்கலாமே!

கேள்வி: ‘அயோரிஸ்ட்’ என்ற வினைவடிவம் ‘ஒரேதரம், ஒரே நொடியில் நடந்து முடிந்தது’ என்பதைக் காட்டும் என்கிறார்களே? (வாசகர், மூதூர்)

பதில்: காட்டாது. யோவான் 2:20 இல் ஆலயம் ‘கட்டப்பட்டது’ என்பதற்கு வருவது அயோரிஸ்ட். கட்டச் சென்றதோ 46 வருடம். வெளிப்படுத்தல் 20:4 இல் ‘அரசாண்டார்கள்’ என்பதும் அயோரிஸ்ட்தான்; ஆண்டது 1000 வருடம்.

தமிழில் யோசித்தால் இது எளிது. ‘பிரித்தானியர் 1795 இல் திருகோணமலையைப் பிடித்தார்கள், 1948 வரை ஆண்டார்கள்.’ பிடித்தார்கள், ஆண்டார்கள் இரண்டும் ஒரே இறந்தகால வடிவம். ஒன்று சில வார வேலை, மற்றது ஒன்றரை நூற்றாண்டு. கால அளவை வினைமுற்று சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கிற வருடம் சொல்கிறது. அயோரிஸ்டும் அப்படித்தான். நடந்ததை முழுசாக எடுத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

அதனால் அயோரிஸ்டைக் கண்டவுடன் துள்ள வேண்டாம். அது வழமையான நடை. எழுதுகிறவர் அதைவிட்டு வேறு வடிவத்துக்கு மாறுகிற இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். மாற்கு 12:41இல் ஐசுவரியவான்கள் காணிக்கை போட்டதற்கு ‘எபல்லொன்’, அடுத்த வசனத்தில் விதவை போட்டதற்கு ‘எபலென்’. முன்னது ‘போட்டுக்கொண்டே இருந்தார்கள்’ என்கிற தொடர்வடிவம், பின்னது அயோரிஸ்ட். வினையடியில் ஒரு ‘ல்’ குறைந்ததுதான் வித்தியாசம். வரிசையாக வந்து போட்டுக்கொண்டே இருக்கிற பணக்காரர் நடுவே ஒருத்தி வந்து போட்டாள். பழைய தமிழில் ‘போட்டார்கள்’, ‘போட்டாள்’ என்று இரண்டும் சமமாகிவிட்டன.

கேள்வி: புயலில் சீஷர்கள், ‘போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’ என்கிறார்கள் (மாற்கு 4:38). இயேசுவும் அதே படகில்தானே! ‘நாம்’ என்றல்லவா வரவேண்டும்? (வாசகர், நிலாவெளி)

பதில்: கடலுக்குப் போகிறவர் கேட்கிற கேள்வி இது. கிரேக்கத்தில் இருப்பது ‘அப்பொல்லுமெத்தா’ என்ற ஒற்றை வினை. தன்மைப் பன்மை வினைவிகுதியிலேயே அடங்கிவிட்டது. ‘நாம்’, ‘நாங்கள்’ போன்ற இடப்பெயரே தனியாக எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும் பயனில்லை. கிரேக்க ‘ஹேமெய்ஸ்’ நாமும் ஆகும், நாங்களும் ஆகும். கேட்கிறவரைச் சேர்க்கிறதா, விலக்குகிறதா என்ற கேள்வியே அந்த மொழியின் இலக்கணத்தில் இல்லை. தமிழில் எழுதுகிறவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ‘நாங்கள்’ மொழிபெயர்ப்பாளரின் தெரிவு, மாற்குவின் சொல் அல்ல. ‘சீஷர்கள் ஆண்டவரைத் தங்களோடு சேர்த்து எண்ணவில்லை, பாருங்கள்’ என்று இதை வைத்துப் பிரசங்கித்தால், அந்தப் பிரசங்கம் நிற்பது தமிழ் இலக்கணத்தின் மேல்.

தமிழிலும் தப்ப ஒரு வழி உண்டு: இடப்பெயரை விட்டுவிடலாம். ‘சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?’ அலையடிக்கிற படகில் இடப்பெயர் தேடிக்கொண்டிருப்பவர் யார்?

இதே வசனத்தில் கிரேக்கம் தெளிவாகச் சொல்கிற ஒன்றும் இருக்கிறது. கேள்வியில் ‘ஊ’ என்ற மறுப்புச்சொல் வந்தால், ‘ஆம்’ என்ற விடையை எதிர்பார்க்கிறார்கள்: ‘உமக்குக் கவலை இருக்கத்தானே வேண்டும்!’ ‘மே’, ‘மேத்தி’ வந்தால் ‘இல்லை’ என்ற விடையை எதிர்பார்த்தோ, தயங்கியோ கேட்கிறார்கள். சமாரியப் பெண் கேட்டது ‘மேத்தி’ வகை. பழைய மொழிபெயர்ப்பு அதை ‘அவர் கிறிஸ்துதானோ’ என்று ஓகாரத்தில் பிடித்திருக்கிறது (யோவான் 4:29). இதைவிட அழகாக ஆங்கிலத்தில் ஒன்றை நான் பார்க்கவில்லை.

கேள்வி: ‘அகாபே’ தெய்வீக அன்பு, ‘பிலேயோ’ வெறும் நட்பு என்பது? (வாசகி, திருகோணமலை நகர்)

பதில்: தேமா பவுலைக் கைவிட்டுப் போனது எதனால்? இந்த உலகத்தின்மேல் ‘ஆசைவைத்து’ (2 தீமோத்தேயு 4:10). கிரேக்கத்தில் அது அகாபேயின் வினைதான். பிதா குமாரனில் அன்பாயிருப்பதற்கு யோவான் 3:35 ஒரு வினையையும், 5:20 மற்றதையும் பயன்படுத்துகிறது. 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்கையில் இரண்டும் மாறிமாறி வருவது உண்மை. ஆனால் அங்கே ஆட்டுக்குட்டி, ஆடு என்பதும், மேய்ப்பதற்கான வினைகளும் மாறுகின்றன. சொல்லை மாற்றிமாற்றி எழுதுவது யோவானின் கைப்பழக்கம்.

கேள்வி: ஸ்ட்ரோங் எண்களை வைத்துக் கிரேக்கப் பொருள் பார்க்கலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: வேதாகமத்தின் மூலமொழிச் சொற்களுக்கு எண் போட்டு 1890 இல் வந்த ஸ்ட்ரோங்கின் தொகுப்பு, ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட மிக நல்லது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே உள்ள சொற்பட்டியலில்தான் கால் வழுக்கும். பூங்கொத்து, கொத்துரொட்டி, பாம்பு கொத்தியது, இரண்டு கொத்து அரிசி: அகராதியில் இவையெல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். அதற்காக அரிசி அளக்கிற இடத்தில் பாம்பைக் கொண்டுவர மாட்டோம். எண்ணைக் கண்டதும் பட்டியலை மூடிவையுங்கள். முதலில் அதே ஆசிரியர் அந்தச் சொல்லை எழுதிய மற்ற வசனங்களை, முன்னும் பின்னும் ஐந்து வசனத்தோடு வாசியுங்கள். பிறகு புதிய ஏற்பாட்டின் மற்ற ஆசிரியர்கள், அதன்பின் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு. பட்டியலைத் திறப்பது கடைசியில்.