சுவரில் நாமே டைல்ஸ் ஒட்டும்போது மூலைகளை எப்படி நேர்த்தியாக முடிப்பது? 45 டிகிரியில் வெட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தொழிலாகச் செய்பவர்கள் வெளி மூலையில் இரண்டு டைல்களின் விளிம்பையும் சாய்வாக அரைத்து ஒன்றோடொன்று பொருத்திவிடுவார்கள், அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை கரணை பிடிப்பவருக்கு என் பதில் இதுதான்: வெளி மூலைக்கு கார்னர் பீடிங் (மூலையில் வைத்து ஒட்டும் ஓரப்பட்டை), உள் மூலைக்கு சிலிக்கான் (ரப்பர் போல வளையும் பசை). 45 டிகிரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

காரணம், சாய்த்து அரைத்த விளிம்பில் மேலே உள்ள கிளேஸுக்கு, அதாவது பளபளப்பான பூச்சுக்கு, கீழே தாங்க எதுவும் இருக்காது. ஒரு வாளி இடித்தால் சில்லு பெயர்ந்து உள்ளே இருக்கும் மண் நிறம் தெரியும், அதை ஒட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது. கை பழகியவர்கள் சரியாக 45-ல் நிறுத்தாமல் இன்னும் ஒரு டிகிரி கூடுதலாகச் சாய்ப்பார்கள், அதுவும் கிளேஸின் ஓரத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் போல விட்டு. கிரைண்டரை அப்படி நிதானமாக ஓட்டும் கை ஒரே வேலையில் வந்துவிடாது. சாதாரண செராமிக் சுவர் டைலில் இது இன்னும் கஷ்டம், இன்னும் கெட்டியான விட்ரிஃபைட் டைல் கொஞ்சம் தாங்கும்.

சரி, மூலை அழகாக வருவதும் வராததும் முதல் டைலை ஒட்டுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். எந்தச் சுவரும் கொஞ்சமாவது சாய்ந்துதான் இருக்கும். சாய்வு அதிகம் என்றால் முதலில் பூச்சைச் சரிசெய்யுங்கள், டைலுக்குப் பின்னால் பசையைத் திணித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அப்புறம் ஒரு நீளமான மரச்சட்டத்தில் டைல் அகலத்தையும் ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே வைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) இடைவெளியையும் வரிசையாகக் குறித்து, சுவரில் பிடித்துப் பாருங்கள். வெளி மூலையில் முழு டைல் வர வேண்டும், வெட்டுத் துண்டு உள் மூலைக்குப் போக வேண்டும். அங்கே விரலகலத் துண்டுதான் மிஞ்சும் போல இருந்தால் தொடக்கத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். முழு டைலுக்குப் பக்கத்தில் ஒரு கீற்று நின்றால், எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

உள் மூலையில் எந்தச் சுவரை முதலில் ஒட்டுவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவரை முதலில் மூலைவரை ஒட்டுங்கள், பக்கச் சுவரை அப்புறம் கொண்டுவந்து அதன்மேல் முட்டவிடுங்கள். எதிர்ச் சுவரின் வெட்டு கொஞ்சம் பிசிறாக இருந்தாலும் பக்கச் சுவர் டைலுக்குப் பின்னால் மறைந்துவிடும், வாசலில் நிற்பவருக்கு இணைப்பின் இடுக்கும் தெரியாது. பக்கச் சுவருக்கான ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுங்கள். ஒரே அளவில் மொத்தமாக வெட்டி அடுக்கினால் இரண்டு மூன்று வரிசையிலேயே கோணல் தெரிய ஆரம்பிக்கும். முட்டும் இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், அதற்குள் பசையோ கிரவுட்டோ (டைல் இடுக்குகளை நிரப்பும் சிமெண்ட் கலவை) போக விடாதீர்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டு சுவரும் தனித்தனியாக அசையும். சிமெண்ட் கிரவுட் அந்த அசைவுக்கு வளையாமல் மயிரிழையாக வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கும்.

மற்ற இணைப்புகளின் கிரவுட் நன்றாகக் காய்ந்தபின், அதே நிறத்தில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் வாங்குங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கானைப் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும், காய்ந்தபின் உரித்தால் ஓரமும் சேர்ந்து கிழிந்து வரும். பளிங்கு போன்ற இயற்கைக் கல்லுக்கு நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள், வினிகர் வாசனை அடிக்கும் வகை கல்லில் கறை ஏற்றும்.

இனி பீடிங். கடையில் டைல் டிரிம் என்று சொன்னாலும் தருவார்கள். டைலில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் பீடிங்கின் உயரம் டைல் தடிமனைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. 8 மில்லிமீட்டர் டைல் என்றால் 10 எடுக்கலாம், கூடுதல் இடத்தைப் பசை நிரப்பிக்கொள்ளும். மூலையில் பசை தடவி, ஓட்டைகள் உள்ள தகட்டை அதில் அழுத்துங்கள். ஓட்டை வழியே பசை பிதுங்கி வந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ரசமட்டம் வைத்து நேராக்கி, தகட்டின் மேல் மெல்லப் பசை பூசி, டைலை ஒட்டுங்கள். டைலைப் பீடிங்கோடு இறுக்கி ஒட்டிவிடாமல் கிரவுட் போக ஒரு மெல்லிய இடைவெளி விடுங்கள். கூடுமானவரை தரையிலிருந்து மேல்வரை ஒரே துண்டாக இருக்கட்டும். இணைத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்பு கீழே வரட்டும், கண் மட்டத்தில் வேண்டாம். அலுமினியத்தை நுண்பல் ஹேக்ஸா பிளேடால் அறுத்து அரத்தால் தேய்த்தால் போதும், ஜன்னல் ஓரத்தில் மூன்று பீடிங் சேரும் இடத்துக்கு மட்டும் ரெடிமேட் மூலைத் துண்டு கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள். பீடிங்கின் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிரவுட் வேலை முடியும்வரை உரிக்காதீர்கள், சிமெண்டும் மணலும் தேய்த்த கீறல் அலுமினியத்தில் போகவே போகாது.