ரத்தத்தில் பாக்டீரியா கலந்தால் வெள்ளணுக்களின் ஏற்பிகள் ஏன் மாறுகின்றன?

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து, வெளியே உள்ளதை அடையாளம் கண்டு உள்ளே செய்தி சொல்லும் புரதம். ரத்தத்தில் பாக்டீரியா பெருகும்போது உடல் வெளியிடும் இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கைப் பொருள்களால், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள், வழக்கமாக மிகக் குறைவாக வைத்திருக்கும் சிடி64 என்ற ஏற்பியைச் சில மணி நேரத்திலேயே பன்மடங்காக்குகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியைப் பற்றி விழுங்க அது உதவுகிறது.

கூடுதல் கவலைக்குரியது இன்னொரு மாற்றம் என்பேன். கிருமியின் துண்டை மற்ற செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம், கடும் தொற்றில் மோனோசைட் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்களின் மீது குறைந்துவிடுகிறது. அழற்சி உடலையே தாக்காதபடி அதைத் தணிக்கும் ஐஎல்-10 என்ற செய்திப் புரதம், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். மும்பை மாதுங்காவின் அடுக்ககம் ஒன்றில் திருடன் புகுந்த இரவில் காவலாளிகள் தடியெடுக்க, அமளி எல்லை மீறாதிருக்கச் சங்கச் செயலாளர் அனைவரையும் அடக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடக்கம் நாள்கணக்கில் நீடித்தால், அடுத்த திருடனைக் கண்டாலும் எவரும் குரல் கொடுக்கமாட்டார்கள். அத்தகைய நோயாளிகளை இரண்டாம் தொற்று எளிதில் பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளணு எண்ணிக்கை இயல்பாக இருந்தால் ரத்தத் தொற்று இல்லை என்று பலர் எண்ணுவது தவறு. எண்ணிக்கை மாறாமலேயே செல்லின் மேற்பரப்பு மாறியிருக்கலாம்.