மாடியில்லாத அரண்மனை

அன்புள்ள ஐயா,

பெர்லினில் முதுகலை படிக்கிறேன். வந்து எட்டு மாதமாகிறது. போன சனிக்கிழமை தனியாக எஸ்-பான் ரயிலேறி, போட்ஸ்டாமில் இருக்கும் சான்சூசி அரண்மனைக்குப் போனேன். டப்பாவில் எலுமிச்சை சாதம். திராட்சைக்கொடி அடுக்குகளின் நடுவே படியேறும்போது காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் காட்டியபோது அம்மா, "இதென்னடி அரண்மனை, மாடியே இல்லை!" என்றாள். மேலே மன்னரின் கல்லறைமீது யாரோ உருளைக்கிழங்குகளை வைத்திருந்தார்கள். அது ஏன்?

இன்னொன்று. அப்பா வீட்டை அடமானம் வைத்துத்தான் என்னை அனுப்பினார். ஒரு நாள் முழுக்க இவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டோமே என்று இரவில் உறுத்தியது.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் அம்மா சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். மாடியில்லாததுதான் அந்த வீட்டின் கதையே. அடித்தளத்தை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கீழிருந்து பார்ப்பவர்களுக்குக் கட்டடம் மறைந்துபோகும் என்றார் கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டார்ஃப். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் ஒப்பவில்லை. அறைக்கதவைத் திறந்தால் கால் தோட்டத்தில் பட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1747-இல் வீடு முடிந்தது. முக்கியமான அறைகள் பத்துப் பன்னிரண்டுதான். கீழே நிற்பவரை மிரட்டும் எண்ணமில்லாத அரண்மனை அது. படியேறும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

'சான்சூசி' என்றால் பிரெஞ்சில் 'கவலையின்றி'. ஆனால் 1745-இல் கட்டட வேலை தொடங்கியபோது, சைலீசியா என்ற நிலப்பகுதிக்காக அவர் நடத்திய இரண்டாம் போர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தை 1740-இல் படையனுப்பிப் பிடித்தவரே அவர்தான். மாலையில் அங்கே புல்லாங்குழல் வாசித்த மனிதரும் அவரே. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதனால் அந்தத் திராட்சை அடுக்குகளின் அழகு குறைந்துவிடாது.

உருளைக்கிழங்கு விஷயம் எளிது. பஞ்சத்துக்குத் துணையாகும் என்று அதைப் பயிரிடச் சொல்லி 1756-இல் அவர் ஆணையிட்டார். அந்த நினைவில்தான் வைக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கல்லறை இருக்கும் இடம். தன் நாய்களின் பக்கத்தில், அந்த மேல் அடுக்கில், இரவில், ஆடம்பரமில்லாமல் புதைக்கச் சொல்லியிருந்தார். 1786 ஆகஸ்ட் 17 அன்று அந்த வீட்டிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தார். அடுத்துப் பட்டமேறிய தம்பி மகன் அதைக் கேட்கவில்லை. ஊருக்குள் கேரிசன் தேவாலயத்தில், தந்தைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இளமையில் அவரை வதைத்த தந்தை! இரண்டாம் உலகப்போரில் சவப்பெட்டி ஒரு சுரங்கத்துக்குப் போனது. பிறகு மார்பர்க் நகரம், பிறகு ஹோஹென்சோலெர்ன் கோட்டை. ஜெர்மனி ஒன்றான பிறகு, 1991 ஆகஸ்ட் 17 இரவில்தான் அந்த மண்ணுக்கு வந்தார். ஊரையே ஆண்டவருக்கு ஆறடி மண் கிடைக்க 205 வருடம்.

அந்தப் பூங்காவின் நீரூற்றும் அப்படித்தான். ஹாவெல் ஆற்று நீரைக் குன்றின் மேல் தேக்கத்துக்கு ஏற்றிவிட அவர் எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. 1842-இல் நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் பீறிட்டது. அந்த இயந்திரம் இருக்கும் கட்டடத்தை ஆற்றோரத்தில் மசூதி வடிவில் கட்டினார்கள். மினாரெட்தான் புகைபோக்கி. அடுத்த முறை அவசியம் பாருங்கள்.

அடுத்த முறை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். வீட்டை வைத்துப் பெண்ணை அனுப்பிய மனிதர், அவள் எட்டு மாதம் கழித்து ஒரு படிக்கட்டில் தனியாக நின்று சிரித்தாள் என்று கேட்டால் அன்று நிம்மதியாகத் தூங்குவார். என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள்.

மறுபடி போகும்போது பூங்காவின் நேர்ப்பாதையில் மேற்கே நடந்துகொண்டே இருங்கள். ஏழாண்டுப் போருக்குப் பின் கட்டிய புதிய அரண்மனை வரும். இருநூறு அறைக்கு மேல். மன்னருக்கே அது வெறும் பகட்டு. விருந்தினருக்கு விட்டுவிட்டு, அவர் பெரும்பாலும் சின்ன வீட்டிலேயே இருந்தார். அதற்கு எதிரே அரண்மனையின் சமையற்கட்டும் பணியாளர் குடியிருப்புமாக இருந்த கட்டடங்கள் இப்போது போட்ஸ்டாம் பல்கலைக்கழகம். வாரநாளில் போனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் பையும் சைக்கிளுமாக வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து அம்மாவைக் கூப்பிடுங்கள். அந்தப் புதிய அரண்மனைக்கு மாடியும் உண்டு.