வீட்டுச் சர்வரில் நேவிட்ரோம் போட்டு வைத்திருக்கும் பாட்டை வெளியே போனால் மொபைலில் கேட்க முடியவில்லை, வேறு ஆப் போட்டால் சரியாகுமா?

ஆகாது. நேவிட்ரோம் என்பது நம் பாட்டுகளை நெட் வழியே போனுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள். ஆப்புடன் பேச அது சப்சானிக் ஏபிஐ என்ற பொது மொழியைப் பயன்படுத்தும், அந்த மொழி தெரிந்த எந்த ஆப்பும் அதில் ஓடும். நான் ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம் வைத்திருக்கிறேன், காசு கொடுத்து வாங்கியது. ஐபோன் என்றால் ஆம்பர்ஃபை இலவசம். ஆப் விஷயம் அவ்வளவுதான்.

வீட்டு வைஃபையில் பாடுவது வெளியே பாடவில்லை என்றால் பெரும்பாலும் என்னைப் போல உங்களுக்கும் சிஜிநாட்டாக இருக்கும், அதாவது இணைப்பு கொடுப்பவர்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவது. ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போய் வான் ஐபியை, அதாவது வெளிப்பக்கம் ரூட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் உங்களுக்கென்று தனி பொது ஐபி இல்லை, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். நேவிட்ரோமின் 4533 போர்ட்டை வெளியே திறந்துவிட ரூட்டரில் எத்தனை முறை ஃபார்வர்டு செய்தாலும் பிரயோஜனமில்லை. இதை எனக்கு இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கென்று மாறாத தனி ஐபி வேண்டுமென்றால் பிசினஸ் பிளானுக்கு மாற வேண்டுமாம். வீட்டில் பாட்டுக் கேட்க எதற்கய்யா பிசினஸ் பிளான்?

கடைசியில் சர்வரிலும் போனிலும் டெயில்ஸ்கேல் போட்டேன், எங்கே இருந்தாலும் இரண்டையும் ஒரே தனி நெட்வொர்க்கில் இணைத்துவிடும் ஆப் அது, முடிந்தது. அதுவும் இன்னொரு கம்பெனிதானே என்று கீழே கமென்ட்டில் வந்து கேட்பார்கள், தெரியும். சொந்தமாக வயர்கார்டு என்ற விபிஎன் போடலாம்தான், ஆனால் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவருக்கு அதற்கு வெளியே ஒரு விபிஎஸ், அதாவது வாடகைச் சர்வர் வேண்டும், மாத வாடகை யார் கட்டுவது?

மாசம் நூத்திச் சொச்சம் கட்டினா முடிஞ்சுபோற வேலைக்கு ஏன் மாப்ள இந்தப் பாடு என்று என் மச்சான் இன்னும் கேட்கிறார். பாட்டு ஸ்ட்ரீமிங் ஆப்பைச் சொல்கிறார். கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் பார்த்தால் நானே பொறுக்கிச் சேர்த்த பிளேலிஸ்ட்டில் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, உரிமம் முடிந்துவிட்டதாம். அப்பா வாங்கி வைத்திருந்த ஆடியோ சிடிக்களைத் தரம் குறையாத ஃபிளாக் ஃபைல்களாக மாற்றி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றியது அதற்குப் பிறகுதான். அவற்றை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவிட முடியாது.

உண்மையில் உயிரை எடுத்தது டேக் வேலை, அதாவது ஒவ்வொரு பாட்டு ஃபைலுக்குள்ளும் இருக்கும் பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களைச் சரிசெய்வது. நம் சினிமாப் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடகர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தால் நேவிட்ரோம் பாடகர் பெயரையே அங்கே எடுத்துக்கொள்ளும், ஐந்து பாட்டுள்ள ஒரே படம் ஐந்து ஆல்பமாக வந்து நிற்கும். டேக்கைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் படம் படமாகத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். பல வருடம் முன்பு டவுன்லோடு செய்த பாட்டுகள் இருந்தால் இன்னும் மோசம், பாட்டின் பெயர், ஆல்பம், கமென்ட் என்று எங்கே பார்த்தாலும் அந்த இணையதளத்தின் விலாசம்தான் இருக்கும்.

அப்புறம், வெளியே இருக்கும்போது ஃபிளாக்கை அப்படியே இழுக்காதீர்கள். ஐந்து நிமிடப் பாட்டு 30 எம்பி போகும், அதையே ஓபஸ் என்ற சுருக்கும் ஃபார்மட்டில் 128 கேபிபிஎஸ் வைத்தால் 5 எம்பிக்குள் அடங்கும். ஆப்பில் வைஃபைக்கு ஒரிஜினல், மொபைல் டேட்டாவுக்கு ஓபஸ் என்று தனித்தனியாக வைக்கலாம். அப்படி மாற்றிக் கொடுக்கச் சர்வரில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருக்க வேண்டும். பஸ்ஸில் வித்தியாசம் தெரியுமா என்று சண்டைக்கு வராதீர்கள், நல்ல ஹெட்போன் இருந்தாலும் சொருக போனில் ஓட்டையே இல்லை, அதை எடுத்துவிட்டு ப்ளூடூத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

திரை அணைந்ததும் பாட்டு நின்றால் ஆப்புக்கும் டெயில்ஸ்கேலுக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.