டிரைமரானில் பாயைச் சுருக்கும் நேரம்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளுக்கிடையே 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் உங்கள் டிரைமரானின், அதாவது நடு உடலும் இருபுறமும் மிதவைகளும் கொண்ட பாய்மரப் படகின், பக்க மிதவை திடீரென நீருக்குள் அமிழ்ந்தது என்றும், படகு அதிகம் சாயாததால் பாயை எப்போது சுருக்குவது (காற்றுக்கேற்பப் பாயின் பரப்பைக் குறைப்பது) என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஒற்றை உடல் படகு சாய்ந்து, காற்றை வழியவிட்டு நம்மை எச்சரிக்கும். டிரைமரானோ ஏறக்குறைய நிமிர்ந்தே நின்று விசை முழுவதையும் பாய்மரத்திலும் மிதவையிலும் வாங்கிக்கொள்வதால், சாய்வைப் பார்த்தல்ல, காற்றுமானியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகிறது. ஆகவே சராசரியை விட்டுவிட்டு, இடையிடையே வரும் பலத்த வீச்சைக் கணக்கில் கொள்ளுங்கள்.

நேர் பின்காற்றில் மானி ஏமாற்றும். 18 நாட் காற்றில் 8 நாட் வேகத்தில் ஓடினால் அது 10 மட்டுமே காட்டும். படகைக் காற்றை நோக்கித் திருப்பிய பிறகுதான் உண்மை புரியும், அப்போது பாயைச் சுருக்குவது பெரும்பாடு.

சுமையையும் குறையுங்கள். நால்வருக்கான 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. இந்தப் பாரம் படகைத் தாழ்த்தி, மிதவையை முன்னதாகவே அமிழச் செய்கிறது. குளிர்காலத்தில் அங்கே தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் வலுவாக வீசும் என்பதால், குழந்தைகள் உடனிருக்கையில், அத்தீவுகளிலுள்ள நாரா இன்லெட் போன்ற ஒதுக்கிடத்தில் நங்கூரம் எடுக்கும் முன்பே பாயின் முதல் சுருக்கைக் கட்டிவிடுவதே என் விருப்பம்.