மாலத்தீவா, தியோமானா? தவணையில் விடுமுறை போகலாமா?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் நாலறை வீவக (அரசு வீடமைப்பு) வீட்டில் இருக்கிறோம். கணவர், நான் இருவருக்கும் வேலை. மசேநிதி (மத்திய சேமநிதி) பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 5,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). செலவெல்லாம் போக 400 மிஞ்சும். வங்கியில் 6,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. கடன்பற்று அட்டையில் 1,900 வெள்ளி பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறோம். மூத்தவள் தொடக்கநிலை 5, இளையவனுக்கு 7 வயது. டிசம்பர் விடுமுறைக்கு மாலத்தீவு போகலாம் என்கிறார் கணவர். நால்வருக்கும் 7,800 வெள்ளி, வட்டியில்லாத 12 மாதத் தவணை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, பயணம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. மூத்தவளுக்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). நால்வரும் சேர்ந்து நிம்மதியாக ஊர் போக இந்த ஆண்டுதான் நல்ல ஆண்டு. ஆனால் அந்தத் தவணை வேண்டாம்.

7,800-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 650 வெள்ளி. உங்களிடம் மிஞ்சுவதோ 400. மீதி 250-க்கு மறுபடியும் அட்டையைத்தான் நீட்டுவீர்கள். அந்த 7,800-இல் என்னவெல்லாம் அடங்கும் என்பதையும் கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து விடுதித் தீவுக்கு விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ போகவேண்டும். பல தொகுப்புகளில் அது தனிக் கணக்கு. விடுதியில் சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் சேவைக் கட்டணமும் 17 விழுக்காடு வரியும் சேரும். பசுமை வரி என்று தலைக்கு ஒரு நாளைக்கு 12 அமெரிக்க டாலர் வேறு. நான்கு பேர் மூன்று இரவு தங்கினால் அதுவே 144 டாலர். மாலத்தீவுதான் உங்கள் கணவரின் கனவு என்றால், மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகளில் சின்ன விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. பணம் சேர்த்துக்கொண்டு பின்னொரு நாள் அப்படிப் போகலாம்.

முதல் வேலையாக, சேமிப்பிலிருந்து 1,900 எடுத்து அட்டைப் பாக்கியை இன்றே அடைத்துவிடுங்கள். இங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 27 விழுக்காடு. 1,900-க்கு மாதம் 43 வெள்ளி வட்டியாகவே கரைகிறது. வங்கியில் தூங்கும் பணம் அதில் ஒரு வெள்ளியாவது ஈட்டித் தருமா? அடைத்த பிறகு சேமிப்பு 4,100 ஆகிவிடும். உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுக்கே அது போதாது. எனவே அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டேதான் பயணத்துக்கும் சேர்க்கவேண்டும். இது ஜனவரி. ஆகஸ்ட் முடிய எட்டு மாதம், மாதம் 400 என்றால் 3,200. அதில் 1,900 சேமிப்புக்குத் திரும்பட்டும். மீதி 1,300 வெள்ளி உங்கள் பயணப் பணம். இதுவரை அட்டைக்குக் கட்டிய குறைந்தபட்சத் தொகையும் இனிக் கையில் நிற்கும். அதையும் சேமிப்பில் போடுங்கள்.

1,300-க்கு எங்கே போவது? தீவைப் பார்க்குமுன் மாதத்தைப் பாருங்கள். நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில். அப்போதுதான் மலேசியக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. படகுகள் குறைந்துவிடும், பல தங்கும் விடுதிகள் மூடிவிடும். அந்த மாதங்களில் வெயில் காய்வது லங்காவி, புக்கெட் பக்கம். அங்கே விமானச்சீட்டு விடுமுறை விலையில் இருக்கும். செப்டம்பரின் ஒரு வார விடுமுறையில் கிழக்குக் கரைக் கடல் அமைதியாக இருக்கும். என் தேர்வு, அந்தக் கரையிலிருக்கும் தியோமான் தீவு. இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கு சிங்கப்பூர் தானா மேராவிலிருந்து ஒரு மணி நேரப் படகுதான்; ஆனால் அங்கே லாகோய் என்ற விடுதிப் பகுதியில் விடுதிக்குள்ளேயே சாப்பிட்டால் பர்ஸ் தாங்காது.

சொந்தக் கார் இல்லாவிட்டால் ஜொகூர் லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறை ஊரான மெர்சிங்குக்குப் பேருந்து, அங்கிருந்து தியோமானுக்குப் படகு. நால்வருக்கும் மூன்று இரவுக்கு நான் ஒதுக்கச் சொல்வது இது: பேருந்துக்குப் போகவர 80 வெள்ளி, படகுக்கு 200, குடும்ப அறைக்கு 270, நான்கு நாள் சாப்பாட்டுக்கு 240, படகில் போய்ப் பவளப்பாறை பார்க்க 100, கடல் பூங்காக் கட்டணம் முதலிய சில்லறைக்கு 40, பயணக் காப்புறுதிக்கு 60. மொத்தம் 990. மிச்சம் 310-ஐ அவசரத்துக்கென்று வைத்திருங்கள்.

ஏன் என்றால், மெர்சிங்கில் நானே பட்டிருக்கிறேன். அங்கே படகு புறப்படுவது கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான். காலைப் படகைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் போனோம். சிங்கப்பூர்-ஜொகூர் கடற்பாலத்தில் நெரிசல், நாங்கள் படகுத்துறையை அடைந்தபோது ஆற்றில் தண்ணீர் வற்றி, சேறு பளபளவென்று தெரிந்தது. அடுத்த படகு மாலையில்தான், அதிலும் இடமில்லை. என் மகன் பையைத் தலைக்கு வைத்துப் பெஞ்சில் தூங்கிவிட்டான். அன்றிரவு மெர்சிங்கில் அறை, சாப்பாடு, மறுநாளுக்குப் புதுப் படகுச்சீட்டு என்று நாங்கள் எண்ணிப்பார்க்காத பணம் போனது. நீங்கள் படகு நேரத்தை உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ற பேருந்தை எடுங்கள். சனிக்கிழமை எல்லோரும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்பார்கள். திங்கள் விடியற்காலை கிளம்பி வியாழன் திரும்புங்கள். வார நாளில் அறை வாடகையும் குறையும்.

ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் என்று கணக்குப் போட்டு ஒதுக்குங்கள். கூடுதலாகக் கிடைத்தால் உங்களுக்கு லாபம். ரொக்கம் கையில் வேண்டும்: தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் தெக்கேக் கிராமத்தில்தான், சின்னக் கடைகள் அட்டை வாங்குவதில்லை. அட்டை எடுக்கும் இடத்தில் இயந்திரம் ‘வெள்ளியா, ரிங்கிட்டா?’ என்று கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். வெள்ளியை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்துக்கு நீங்கள் கட்டுப்படுவீர்கள்.

பிள்ளைகளின் கடவுச்சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுதான் செல்லும். கிளம்பும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும். புதுப்பிக்க நேர்ந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. அது அந்த 310-இலிருந்து போகட்டும்.

செப்டம்பர் வரை பிள்ளைகள் பொறுப்பார்களா என்றால், மார்ச் விடுமுறையில் மரீனா சவுத் பியரிலிருந்து படகேறி செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போங்கள். அங்கிருந்து நடந்தே லாசரஸ் தீவுக் கடற்கரைக்குப் போய்விடலாம். புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். நீருக்கடியில் பார்க்க உதவும் முகமூடிக் கண்ணாடியையும் அப்போதே வாங்கிப் பழக்குங்கள். தியோமானில் தினம் வாடகை கொடுக்கவேண்டியிருக்காது. கணவரிடம் பேசும்போது 7,800 பக்கம் போகாதீர்கள். 650-ஐயும் 400-ஐயும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். செப்டம்பர்த் தேதியையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.