அரை நைட் ஷிப்ட் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்கொரியாவில் தேஜான் நகரத்தில் ஆராய்ச்சியாளனாக இருக்கிறேன். எங்கள் லேபில் முப்பது வயதுக் கொரிய நண்பர் ஒருவர். 2022 அதிபர் தேர்தலில் யூன் சுக் யோலுக்கு வாக்களித்தவர். இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் அவர் சொன்ன திட்டங்கள்தான் காரணமாம். இன்று அதைச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு வேட்பாளரை அவருடைய குடும்ப, இளைஞர் நலக் கொள்கைக்காக மட்டும் ஆதரிப்பது தவறா? இங்கே குழந்தை பிறந்தால் அரசு பணம் தருகிறது. அப்படியும் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை. பெண்கள் வேலையையே பெரிதாக நினைப்பதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. எங்களுக்கு ஒரு வயதில் மகள் இருக்கிறாள். இரவு லேபிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

தவறில்லை. ஓட்டுப் போட ஏதோ ஒரு காரணம் வேண்டும். வீடும் பிள்ளையும் மோசமான காரணங்கள் அல்ல. பின்னால் அந்த மனிதர் ராணுவச் சட்டம் கொண்டுவருவார், பதவி பறிபோகும் என்றெல்லாம் 2022-இல் உங்கள் நண்பருக்கு எப்படித் தெரியும்? சிரிப்பவர்களை விடுங்கள்.

ஆனால் அவர் எதைக் குடும்பக் கொள்கை என்று நம்பினார் என்பதைக் கேட்க வேண்டும். அந்த ஜனவரியில் யூன் முகநூலில் ஒரே வரி போட்டார்: பாலின சமத்துவ, குடும்ப அமைச்சகம் ஒழிப்பு. விளக்கம் கிடையாது. இன்னொரு ஒற்றை வரி, படைவீரர் சம்பளம் மாதம் 20 லட்சம் வொன். கட்டாய ராணுவ சேவையில் ஒன்றரை வருடத்தைக் கொடுத்துவிட்டு வந்த பையன்களுக்கு அது இனித்ததில் ஆச்சரியமில்லை. தேர்தல் நாள் கணிப்பில் இருபது வயதுகளிலிருந்த ஆண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் யூன் பக்கம். அதே வயதுப் பெண்களில் அதே அளவு எதிர் வேட்பாளர் லீ ஜே மியுங் பக்கம். வெற்றி வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டு, பிறகு பிள்ளை ஏன் பிறக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது!

பணம் தருகிறார்கள் என்கிறீர்கள். தருகிறார்கள்தான். முதல் குழந்தைக்கு 20 லட்சம் வொன், அடுத்ததற்கு 30 லட்சம், 2024-இலிருந்து முதல் வருடம் முழுக்க மாதம் 10 லட்சம். பூயோங் என்ற கட்டுமான நிறுவனம் ஊழியர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 10 கோடி வொன் கொடுத்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2023-இல் 0.72, 2024-இல் 0.75. ஏறியதே என்று கைதட்டுகிறவர்கள் தட்டட்டும்.

நான் பல நாளாகச் சொல்லி வருவது ஒன்றுதான். எவ்வளவு தருகிறாய் என்று வேட்பாளரிடம் கேட்காதீர்கள். எங்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவாய் என்று கேளுங்கள். இளைஞர் ஓட்டில் வந்த அதே யூன் அரசுதான் 2023 மார்ச்சில் வாரம் 69 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று திட்டம் வைத்தது. 52 மணி நேர வரம்பு வந்தே ஐந்து வருடம்கூட ஆகவில்லை. இளைஞர்கள் கொதித்த பிறகு பின்வாங்கினார்கள். நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. அடுத்த மாதமே நம் சட்டசபையில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். கொரியாவில் ஒருவர் இதைச் சரியாகப் பிடித்தார். 2012-இல் சோன் ஹாக் கியூ ‘மாலைப்பொழுது உள்ள வாழ்க்கை’ என்ற முழக்கத்தோடு அதிபர் வேட்பாளராக முயன்றார். சொந்தக் கட்சிக்குள் நடந்த போட்டியிலேயே தோற்றுப்போனார். எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவருக்குத்தான்.

என் அப்பா கோவையில் ஸ்பின்னிங் மில் தொழிலாளி. அரை நைட் வாரங்களில் நாங்கள் பள்ளி விட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவார், நாங்கள் தூங்கிய பிறகு நடுச்சாமத்தில் வருவார். காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது போர்வைக்கு வெளியே அவருடைய கால் மட்டும் தெரியும், கால் முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். ரேங்க் கார்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் கையெழுத்து இருக்கும். ஒருமுறை பக்கத்தில் பென்சிலில் ‘கணக்கு?’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதி மறுபடி தலைமாட்டிலேயே வைத்தேன். போனஸ் வந்த வருடம் புதுத்துணி எடுத்தோம். என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது. அந்தக் கேள்விக்குறி நன்றாக நினைவிருக்கிறது.

பெண்கள் வேலையைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? படித்துப் போராடி ஒரு வேலையில் சேர்ந்தவள், பிள்ளை பெற்றால் திரும்ப அந்த நாற்காலி இருக்காது என்று தெரிந்தால் யோசிக்கத்தான் செய்வாள். சியோல் மெட்ரோவில் கர்ப்பிணிகளுக்கென்று ரோஸ் நிறத்தில் இருக்கை விட்டிருக்கிறார்கள், நல்ல விஷயம். இரவு எட்டு மணிக்குத்தான் அவள் ஆபீஸ் முடிந்து அதில் உட்கார்ந்து போகிறாள் என்றால் அந்த நிறத்தால் என்ன லாபம்? இதை இரவு லேபில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்கள். உங்கள் மகளுக்கு அந்த நேரத்தில் யார் சோறூட்டினார்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையோடு அயல்நாட்டில் இருப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஒரு தகவல்: அதிபர் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்று வருடம் ஆனால் வெளிநாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அங்கேயே இருப்பதாக எண்ணமிருந்தால் அதற்கான வழியைப் பாருங்கள். மனைவிக்கு என் அன்பு. பெண்களைப் பற்றிய அந்த வரியை அவரிடம் காட்டாமல்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா